கோள்மூட்டி

என் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் என்னை மிரட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டில். மூக்கில் குழாய். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினாள். ஆனாலும் மிரட்டல் குறையவில்லை.

"வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்க. சட்டை நாறுது."

"சீக்கிரம் வந்துடறேன்."

"சீக்கிரமெல்லாம் வேண்டாம். மெதுவா வாங்க. போன் என்கிட்டதான் இருக்கு."

தலையணைக்கு அடியில் இருந்த போனைத் தட்டிக் காட்டினாள். பக்கத்தில் நின்ற மகள் சிரிப்பை அடக்கினாள். நீங்களும் சிரிக்க வேண்டுமானால் ஆறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

மகளுக்கு லைசென்ஸ் வந்த அன்றே எனக்குத் தூக்கம் போனது. அவளுக்குப் பதினெட்டு வயது. வீட்டில் இருந்தது ஒரே கார். என் தொழிலோ, நொறுங்கிய கார்க் கண்ணாடியைக் கழற்றிப் புதிதாக மாட்டுவது. நெற்றி மோதிய கண்ணாடியில் விரிசல் சிலந்தி வலையாக விரிந்திருக்கும். வலையின் நடுவில் சில சமயம் இரண்டு முடி ஒட்டியிருக்கும். நீளமான முடி என்றால் அன்று எனக்குச் சோறு இறங்காது.

அதனால் காரில் ஒரு கருவி பொருத்தினேன். வண்டி அறுபதைத் தாண்டினாலும், திடுதிப்பென்று பிரேக் போட்டாலும் அது போனுக்குச் செய்தி அனுப்பும். போன் கீச்சென்று கத்தும். கோள்மூட்டி என்று அதற்குப் பெயர் வைத்தேன். என்னுடையது பழைய பட்டன் போன். அதில் இதெல்லாம் வராது. மனைவியின் நம்பரைக் கொடுத்தேன். அங்கேதான் என் கதை முடிந்தது.

அன்றே சாப்பாட்டு மேஜையில் சட்டம் போட்டேன்.

"போன் கத்தினா ஒரு வாரம் சாவி கிடையாது!"

"யார் ஓட்டினாலுமா?" என்றாள் மனைவி.

"சட்டம்னா எல்லாருக்கும்தான்."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"என் பேச்சு என்னிக்கு மாறியிருக்கு?"

மகள் குனிந்து தட்டைப் பார்த்துச் சிரித்தாள். நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை விசாரணை வைத்தேன். முதல் சாட்சி மனைவி.

"கத்திச்சா?"

"கத்திச்சு. தினம் காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. நேத்து மத்தியானம் கூடுதலா ரெண்டு."

மகள் பக்கம் திரும்பினேன். சிலந்தி வலையைச் சொன்னேன். முடியைச் சொன்னேன். பாதியில் குரல் உடைந்துவிட்டது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இந்த வாரம் நான் வண்டியைத் தொடவே இல்லப்பா. பஸ்லதான் போனேன்."

"அப்போ யாரு ஓட்டினது? பேயா?"

"ஆமாங்க," என்றாள் மனைவி. "காலைல கடைக்குப் போற பேய். சாயந்திரம் வீட்டுக்கு வர்ற பேய். நேத்து மத்தியானம் சாப்பாட்டுக்கு வேற வந்துச்சு."

"எனக்கு முப்பது வருஷ அனுபவம்டி!"

"அந்த முப்பது வருஷமும் நான் கண்ணை மூடிக்கிட்டுதான் பக்கத்துல உக்காந்திருக்கேன். இவ உங்களைப் பாத்துத்தானே ஓட்டப்போறா? மொதல்ல வாத்தியார் திருந்தட்டும். சாவி!"

கருவியின் விளம்பரத்தை முதலில் என்னிடம் காட்டியது யார் என்று அப்போதுதான் உறைத்தது. "உங்க போன்ல வராதாமே, என் நம்பரைக் குடுங்க" என்றதும் அவளேதான்.

ஒரு வாரம் மகள்தான் என்னைக் கடையில் இறக்கிவிட்டாள். நாற்பதைத் தாண்டவில்லை. ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திப்போய்த் திரும்பிப் பார்த்துப் பரிதாபப்பட்டார். பக்கத்து டயர் கடைக்காரர் விடவில்லை. "என்னண்ணே, டிரைவர் வச்சுட்டீங்க போல!"

மகளுக்காக அந்தப் போன் ஒருநாளும் கத்தவில்லை. எனக்காகக் கத்தியதும் குறைந்து குறைந்து நின்றுபோனது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்புவோம். குளித்து, சட்டை மாற்றி, வீட்டைப் பூட்டும்போது மகள் போன் செய்தாள். "அப்பா, சீக்கிரம் வாங்க."

சாலை காலியாகக் கிடந்தது. அழுத்தினேன். முள் அறுபதுக்குப் பக்கத்தில் போனது. தலையணைக்கு அடியில் அது கத்தும். இந்த நிலைமையில் அவள் பதறுவாள். காலைத் தூக்கிவிட்டேன். நாற்பதிலேயே போய்ச் சேர்ந்தேன்.

வார்டு வாசலில் மகள் நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. போனை என் கையில் வைத்தாள்.

"இதையேதான் பாத்துட்டிருந்தாங்கப்பா. 'பாருடி, கத்தவே இல்ல. மனுஷன் திருந்திட்டாரு'ன்னாங்க."

கார் இப்போது மகளிடம் இருக்கிறது, கோள்மூட்டியோடு. போன் என்னிடம் இருக்கிறது. தினமும் சார்ஜ் போடுகிறேன். இதுவரை கத்தவில்லை.