குருவிக்குத் துணி போதவில்லை

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. அக்கா நலம், நான் நலம், மாடித் தொட்டி மறுபடியும் ஒழுகுகிறது என்பது தவிர வீடும் நலம். அடுத்ததாக உங்கள் நலம் கேட்பதுதான் முறை. ஆனால் நீங்கள் நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். மேலாளர் உங்களை ஒரு மாதிரி பார்க்கிறார், நீங்கள் உள்ளே நுழைந்தால் ஆபீசில் பேச்சு நின்றுவிடுகிறது, உங்கள் மேசையைக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். என் போனை மட்டும் நீங்கள் எடுப்பதில்லை. ஆகவே கடிதம்.

முதலில் நல்ல செய்தி. ஜெயித்துவிட்டோம்.

இரண்டாவது. உங்களுக்கு நேர்ந்ததற்குக் காரணம் நானில்லை. துணி.

நம் தெருவுக்குப் பின்னால் இருக்கும் சரளைக்கல் வெளியில் உங்கள் கம்பெனி சோலார் பேனல் பதிக்கப்போகிறது என்றதும் தெருவே துள்ளியது உங்களுக்குத் தெரியும். கரண்ட் போகாத ஒரு மாலை. எங்கள் ஆசை அவ்வளவுதான். எல்லாரையும்விட அதிகமாகத் துள்ளியவர் பட்டறை வெல்டர். பாதி ஒட்டிய கேட்டைப் பிடித்தபடி கரண்டுக்காக நின்றே தேய்ந்துபோனவர் அவர். ஆசையோடு இடத்தைப் பார்க்கப் போனார். போன வேகத்தைவிட வேகமாகத் திரும்பினார். தலைக்கு மேல் ஒரு பறவை.

“என்னா திட்டு! என் மாமியார்கூட இப்படித் திட்டினதில்ல!”

எதிர்வீட்டுத் தையல்காரம்மா மெஷினை நிறுத்தாமலே ஜன்னல் வழியாகச் சொன்னார்: “முட்டை மேல கால வெக்கப்போனா கொஞ்சுவாங்களா? அவங்க ஆள்காட்டிக் குருவி. தரையிலதான் முட்டை போடுவாங்க. பாத்தா கல்லு மாதிரியே இருக்கும்.”

எல்லாரும் போய்ப் பார்த்தோம். கல். கல். கல். அந்தக் கல் மட்டும் முட்டை. குனிந்து பார்க்கப் பழகியபின் மற்றவர்களும் தெரிய ஆரம்பித்தார்கள். ஒரு முயல். ஓணான்கள். பெயர் தெரியாத நீலப் பூ, அதில் மட்டும் வந்து உட்காரும் ஒரு வண்ணத்துப்பூச்சி. உங்கள் கம்பெனி அறிக்கையோ ‘கற்களைத் தவிர வேறெதுவுமற்ற பயனில்லாத நிலம்’ என்கிறது. அச்சகத்தில் பிழை திருத்துவது என் தொழில். அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. மற்றதெல்லாம் பிழை.

கமிட்டி அமைத்தோம். அமைத்த அன்றே உடைய இருந்தது. “கரண்டு வேணாம்னு எவனாவது சொன்னா நான் இப்பவே கிளம்பறேன்” என்று வெல்டர் எழுந்துவிட்டார்.

“உக்காருங்க தம்பி. யாரு வேணாம்னா? எடத்த மாத்துன்னுதான் சொல்றோம். பக்கத்துலயே கிடங்குக் கூரை இம்மாம் நீளத்துக்குச் சும்மா காயுது. வெயிலு தரையில மட்டுமா அடிக்குது?” என்றார் தையல்காரம்மா. அவரே தலைவர் ஆனார். படித்தவன் என்பதால் நான் செயலாளர்.

இனி துணி. திட்டம் பற்றி அரசு கருத்துக் கேட்கும் பொதுக் கூட்டத்துக்கு ஒரு பதாகை. நீலத் துணியில் மஞ்சள் எழுத்து, தையல்காரம்மாவின் கைவண்ணம். ‘ஆள்காட்டிக் குருவியைக் காப்பாற்றுவோம்!’ என்பது வாசகம். பாதியில் மஞ்சள் துணி தீர்ந்துவிட்டது. “குருவிக்குத் துணி போதல தம்பி, கடைக்குப் போய்ட்டு வரீங்களா?” என்றார். நான் சொற்சிக்கனத்தில் நம்பிக்கை உள்ளவன். உரக்கச் சொல்வதைவிட விட்டுவிடுவதில்தான் அழகு என்று நினைப்பவன். கடை வேறு தூரம். “குருவி வேண்டாம். எடுத்துவிடுங்கள். அது இல்லாமலே புரியும்” என்றேன்.

‘ஆள்காட்டியைக் காப்பாற்றுவோம்!’

கூட்டத்தில் உங்கள் மேலாளர் அதை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். முகம் வெளுத்தது. காட்டிக்கொடுக்கிறவனுக்கும் அதே பெயர்தானே.

“யாருங்க அந்த ஆள்காட்டி?”

“ஒருத்தர் இல்ல சார், ஜோடி” என்றார் தையல்காரம்மா. அவருக்கு எல்லாமே ‘அவங்க’. மெஷினுக்கு எண்ணெய் விடும்போதுகூட “குடிங்க” என்பார்.

“ஜோடியா? எங்க இருக்காங்க?”

“உங்க எடத்துலதான். எங்க போவாங்க?”

“அங்க என்ன பண்றாங்க?”

“உங்க ஆளுங்க என்ன பண்ணாலும் பாத்துக்கிட்டே இருப்பாங்க. தப்பா ஒரு அடி வெச்சா போதும், ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லிடுவாங்க.”

“அவ்வளவு தைரியத்த யாரு குடுத்தா?”

“பெத்தவங்களுக்குத் தைரியம் வேற ஒருத்தர் குடுக்கணுமா சார்?”

நிலைமை சூடாவதைப் பார்த்த வெல்டர் சமாதானம் செய்ய எழுந்தார். நல்ல எண்ணம்தான். “சார், நாமெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. இந்தத் தம்பியோட அத்தான்கூட உங்க ஆபீஸ்லதான் இருக்காரு!”

மேலாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “அவரா? அப்போ கூரைத் திட்டத்தையும் சொல்லிட்டாரா?”

மேடையில் இருந்த விசாரணை அதிகாரி அதுவரை தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். இப்போது பேனாவை மூடினார். “எந்தக் கூரைத் திட்டம்?”

குருவி என்று ஒரே ஒரு சொல். அப்போது நான் எழுந்து அதைச் சொல்லியிருக்கலாம். வாயையும் திறந்தேன். தையல்காரம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். “சும்மா இருங்க தம்பி. அவரே நல்லா சொல்லிக்கிட்டிருக்காரு.”

மேலாளரே சொன்னார், அத்தான். வரிசையாகச் சொன்னார். கிடங்குக் கூரைகளில் பேனல் பதிக்கும் திட்டத்தை நீங்கள்தான் முதலில் வரைந்தீர்களாம். தரை என்றால் வேலை சீக்கிரம் முடியும் என்று அவர்தான் அதை ஒதுக்கிவைத்தாராம். எங்கள் கோரிக்கை உங்கள் கையால் ஏற்கெனவே வரையப்பட்டு ஒரு அலமாரியில் கிடந்திருக்கிறது. குழம்பில் உப்பில்லை என்பதைக்கூட வெளியே சொல்லாத மனிதர் நீங்கள். உங்களைத்தான் ஆள்காட்டி என்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கண்ணும் கலங்கியது. இரண்டும் ஒரே நேரத்தில்.

“அந்த ஜோடிய நான் பாக்கணும்” என்றார் அதிகாரி. கூட்டமே எழுந்து சரளைக்கல் வெளிக்குக் கிளம்பியது. துரோகியை முதலில் பிடித்துவிடும் வேகத்தில் மேலாளர் முன்னால் நடந்தார். மேலே இருந்து இறங்கியது பாருங்கள் ஒன்று! தலையைச் சீவிக்கொண்டு போனது. மறுபக்கத்திலிருந்து இன்னொன்று. மேலாளர் ஒரு ஷூவை விட்டுவிட்டு ஓடினார். அதிகாரி ஓடவில்லை. குனிந்து பார்த்தார். தன் செருப்பு நுனியில் முட்டையைக் கண்டு, தூக்கிய காலை இறக்காமல், தையல்காரம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“இவங்கதானா?”

“இவங்கதான் மேடம்.”

உத்தரவு வந்துவிட்டது. பேனல்கள் கிடங்குக் கூரைக்குப் போகின்றன. சரளை வெளியில் யாரும் கை வைக்கக் கூடாது. பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டங்களை ஒட்டும் வேலை நம் வெல்டருக்கு. தெருவில் அன்று விசில் அடிக்காதவர் யாரும் இல்லை. அக்கா அடித்த விசில் எனக்கே புதிது. பெரிய சொற்களை நம்பாதவன் நான். வெற்றி என்ற சொல்லை நிறையத் திருத்தியிருக்கிறேன், எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன். வெற்றி.

உங்கள் விஷயத்தையும் மறக்கவில்லை. மேலாளருக்கு நானே போன் செய்து, சார், அது பறவை, என் அத்தானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். “குருவியக் காட்டி ஆள மறைக்கிறீங்க” என்று போனை வைத்துவிட்டார். அதற்குமேல் சொற்சிக்கனம் தெரிந்த மனிதரிடம் என்ன பேசுவது? விடுங்கள். ‘மனசாட்சியுள்ள ஓர் ஊழியரின் திட்டம்’ என்று அதிகாரி உத்தரவிலேயே எழுதியிருக்கிறார். அது யார் என்று ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். இனி உங்கள் மேசையை யாராலும் நகர்த்த முடியாது.

வழக்கம்போல் சனிக்கிழமை ஊருக்கு வரும்போது தலைநிமிர்ந்து வாருங்கள். தெருமுனையிலேயே எல்லாரும் காத்திருப்போம். உங்கள் உடம்பும் மனமும் குளிர்ந்திருக்க இந்த வீடும், தெருவும், சரளை வெளியில் பொரிந்த குஞ்சுகளும் வேண்டுகின்றன.

என்றும் உங்கள் அன்புக்குரிய,
மைத்துனன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் வெல்டர் வந்தார். அளவெடுக்கக் கிடங்குக் கூரைக்கு ஏறியவர், ஏறிய வேகத்தைவிட வேகமாக இறங்கியிருக்கிறார். மேலே பழைய சரளை பரப்பியிருக்கிறதாம். கல், கல், கல், முட்டை. வேறு ஜோடி. சரளை வெளியில் இருப்பவர்களுக்கு மைத்துனன் முறையாக இருக்கலாம். குஞ்சுகள் இறங்கிப் போகும்வரை கூரை வேலையை நிறுத்தச் சொல்லி நாளை முதல் போராட்டம். கூரைத் திட்டம் உங்களுடையது என்பதால் இம்முறை நாங்கள் எதிர்ப்பது உங்களைத்தான். தவறாக நினைக்க வேண்டாம். சனிக்கிழமையும் வர வேண்டாம். தையல்காரம்மா மஞ்சள் துணி வாங்கப் போயிருக்கிறார், இந்தத் தடவை குருவிக்கும் சேர்த்து. மனுவில் முதல் கையெழுத்து அக்காவுடையது.