நாற்பதுக்கு ஒரு புள்ளி குறைவு

"இன்னைக்கு எவ்வளவு?" என்று போனில் கேட்டாள் மனைவி. சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா எதுவும் கிடையாது.

"முப்பத்தொன்பது புள்ளி ஒன்பது" என்றார் வானிலை ஆய்வாளர், சுரத்தே இல்லாமல்.

"அப்ப சரி. நான் இங்கேயே இருக்கேன்."

எல்லாம் அவர் வாயால் வந்த வினை. ஒன்பது நாட்களுக்கு முன் அவள் ஏசி கேட்டபோது, "வெப்ப அலைன்னு அறிவிப்பு வரட்டும், வாங்கிடலாம்" என்று பெரிய மனிதராகச் சொல்லிவிட்டார். அறிவிப்பை எழுதுவதே அவர்தான். நாற்பது டிகிரி, தொடர்ந்து மூன்று நாள், அதுதான் விதி. "அறிவிச்சுட்டுக் கூப்பிடுங்க" என்று அவள் மலைமேல் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் நாற்பதைத் தாண்டியது. அவளை அழைத்துவரச் சட்டைகூட இஸ்திரி போட்டுவிட்டார். மூன்றாம் நாளான இன்று ஒரே ஒரு மேகம், கூலிக்கு அமர்த்தியதுபோல், வெப்பமானிக் கூண்டுக்கு மேலேயே வந்து நின்றது.

"ஒரு புள்ளிதானே சார், ஏத்திப் போடுங்க" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"இருபது வருஷம் பொய் எழுதாத கைய்யா இது!"

"அப்ப வேற நாட்டு விதியாவது பாருங்க."

பார்த்தார். மறுநாள் காலையிலேயே போன் போட்டார். "கேட்டியா? ஒரு நாட்டுல இருபத்தஞ்சு டிகிரியே வெப்ப அலையாம்!"

"அந்த நாட்டுலயே எனக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கலாம்."

"இரு, இரு. இன்னொரு இடத்துல வழக்கத்தைவிட அஞ்சு டிகிரி ஏறினாலே போதுமாம்." அவசரமாக வாய்விட்டே கணக்குப் போட்டார். இங்கே நாலுதான் ஏறியிருந்தது. மாமியார் ஊரில் ஆறு.

"அப்ப வெப்ப அலை எங்க அம்மா வீட்டுலதான்! ஏசியை இங்க அனுப்பிடுங்க" என்றாள் அவள்.

"மாப்பிள்ளை தங்கம்!" என்று பின்னாலிருந்து மாமியார் குரல் கேட்டது.

அன்று மதியம் வீட்டுக்கு வந்தவர், தன்னை அறியாமல் இரண்டு தட்டு எடுத்து வைத்தார். எதிர்த்தட்டைச் சற்று நேரம் பார்த்தார். விதியாவது ஒன்றாவது! ஃபிரிட்ஜ் கதவில் அவள் ஒட்டி வைத்திருந்த ஏசி கடை நம்பரைச் சுழற்றினார்.

அரை மணியில் மெக்கானிக் ஏசியோடு வந்து நின்றார். சுவரில் துளை போட ஆரம்பித்ததுமே வெளியே சோவென்று மழை பிடித்துக்கொண்டது. அந்தத் துளை வழியாகவே சிலுசிலுவென்று காற்று வந்தது.

"நான் எழுதின அறிக்கையில மழையே இல்லையே" என்று முனகினார் ஆய்வாளர். பிறகுதான் உறைத்தது. "ஆமா, இந்தச் சீசன்ல ஏசி கேட்டா ரெண்டு வாரம் ஆகும்பாங்க. நீங்க எப்படி உடனே வந்தீங்க?"

மெக்கானிக் திருகாணியை வாயிலிருந்து எடுத்தார். "இது உங்க வீட்டம்மா ஊருக்குப் போற அன்னைக்கே எங்க கடையில எடுத்து வெச்சுட்டுப் போனது சார். 'நாற்பது டிகிரியெல்லாம் வேணாம், தொடர்ந்து பத்து நாள் நான் வீட்டுல இல்லேன்னா அவருக்கு வெப்ப அலைதான். அவரே கூப்பிடுவார், அப்ப கொண்டுபோய் மாட்டுங்க'ன்னு சொன்னாங்க!"