டாலருக்கு நாடி பார்ப்பவர்

உலகில் வைத்தியர்கள் பல வகை. பல்லுக்குப் பார்ப்பவர், கண்ணுக்குப் பார்ப்பவர், மாட்டுக்குப் பார்ப்பவர் என்று அந்த வரிசை நீளும். கம்போடியாவின் பட்டாம்பாங் நகரத்தில் இவர்கள் போக இன்னோர் இனம் உண்டு: டாலருக்கு நாடி பார்ப்பவர். அவருக்குப் பட்டம் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது, கட்டணமும் வாங்குவதில்லை. ஆனால் நீங்கள் ஓர் அமெரிக்க நோட்டை நீட்டிய மாத்திரத்தில், நீட்டிய கை இன்னும் அந்தரத்தில் இருக்கும்போதே, அவருடைய மூக்குக்கண்ணாடி நெற்றியிலிருந்து இறங்கி மூக்கில் உட்கார்ந்துவிடும். அவ்வளவுதான். இனி நீங்கள் வாடிக்கையாளர் அல்லர். நோயாளியைக் கூட்டி வந்த உறவினர்.

நம் மாதிரிக்கு ஹேங் சரினை எடுத்துக்கொள்வோம். சந்தைக்குப் பின்தெருவில் மின்விசிறியும் ரைஸ் குக்கரும் விற்கிறார். நோட்டு கைக்கு வந்ததும் அதை இரு விரலால் பிடித்து வெளிச்சத்துக்குத் தூக்குவார். பிறகு காதருகே கொண்டுபோய் ஒரு சுண்டு சுண்டி, அது தரும் ஓசையைக் கண்மூடிக் கேட்பார். பிறகு கட்டைவிரல் நகத்தை நான்கு ஓரங்களிலும் மெல்ல ஓட்டி, நடுமடிப்பில் நிறுத்தி, மூச்சை அடக்கி, மறுபுறம் திருப்பி, முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்வார். நீங்கள் விசிறியைச் சுமந்துகொண்டு வியர்த்து நிற்பீர்கள். அதன் பின் தீர்ப்பு வரும்.

"வாய் திறந்திருக்கு. மாத்திக் குடுங்க."

வாய் என்றால் கிழிசல். எறும்பு நுழைய முடியாத கிழிசலும் அவருக்கு வாய்தான்.

"அண்ணே, இது நேத்து நீங்க எனக்குச் சில்லறையாக் குடுத்த நோட்டுதானே!"

"நேத்து நல்லாத்தான் இருந்துச்சு. ராத்திரி உங்க வீட்ல அதை என்ன பண்ணீங்களோ!"

அதே மனிதர் உள்ளூர்ப் பணமான ரியலை எப்படி வாங்குகிறார் என்று பார்த்திருக்கிறீர்களா? மீன்காரி இடுப்பிலிருந்து எடுத்த ஈர நோட்டு, பள்ளிக்கூடப் பையன் மென்று துப்பியது போன்ற நோட்டு, இரண்டு வேறு நோட்டுகளின் பாதிகளை ஒட்டி ஒன்றாக்கிய நோட்டு, எது வந்தாலும் ஏறிட்டுப் பார்க்காமல் பிளாஸ்டிக் கூடையில் விட்டெறிவார். காரணம் கேட்டால் தயாராக வைத்திருக்கிறார். "ரியல் நம்ம வீட்டுப் புள்ள. மூக்கு ஒழுகினாலும் உள்ள வரலாம். டாலர் மாப்பிள்ளை. சட்டையில ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது."

நியாயம்தான். ஆனால் இத்தனை காவலையும் மீறி அவரிடமே ஒரு சீக்கு நோட்டு வந்து சேர்ந்தால்? அப்போது வைத்தியர் மருத்துவச்சியாகிவிடுவார். ஈரக் கைக்குட்டை விரித்து இஸ்திரி போடுவார், அரிசிக் கஞ்சியை ஊசிமுனையால் தொட்டு வாயை மூடுவார், நல்ல நோட்டுகளுக்கு நடுவே படுக்கவைத்து மாலை மங்கலில் வெளியூர்க்காரரிடம் தள்ளப் பார்ப்பார். அங்கும் போகாவிட்டால் இருக்கவே இருக்கிறது கல்யாணக் கவர். பட்டாம்பாங்கில் கல்யாணப் பருவம் தொடங்கிவிட்டால் கிழிந்த டாலர்களுக்கும் நல்ல காலம் பிறக்கும்.

இனி, இந்த வைத்தியத்தால் வந்த வினையைச் சொல்ல வேண்டும்.

சரினின் ஒரே மகள் மாலிஸுக்கு முதலில் பேசிய சம்பந்தம் இதனால்தான் முறிந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் பையனின் பெரியப்பா அன்போடு இருபது டாலரை அவள் கையில் வைத்தார். அவள் கும்பிட்டாள். சரின் அந்த நோட்டை அவள் கும்பிட்ட கைகளுக்கு நடுவிலிருந்து உருவி, சன்னல் பக்கம் தூக்கிப் பார்த்து, "பெரியவரே, தப்பா நெனைக்காதீங்க, வேற இருக்கா?" என்றார். பெரியவர் தப்பாகத்தான் நினைத்தார்.

இரண்டாவதாக, கைப்பேசி பழுது பார்க்கும் வன்தாவை மாலிஸே பார்த்துக்கொண்டாள். எல்லாம் கூடிவந்தது. மீதி இருந்தது பால் விலை ஒன்றுதான். பெண்ணுக்குப் பாலூட்டிய தாய்க்கு மாப்பிள்ளை வீட்டார் சபையில் வைத்துத் தரும் பணம் அது. இந்த நாளில் அதை ரியலில் தருவார் யார்? மூட்டை கட்ட வேண்டும். டாலர்தான்; அதுவும் நூறு நூறாக.

"பால் குடுத்தது நான். விலை வாங்கப் போறதும் நான். உங்களுக்கு அங்க என்ன வேலை?" என்றாள் மனைவி நாரி.

மகள் இன்னும் தெளிவாகச் சொன்னாள். "அப்பா, அந்தப் பணத்துல உங்க வெரல் பட்டுச்சு, பட்டுப் பாவாடையோட பைக்ல ஏறி அவரோட போயிடுவேன். அப்புறம் சடங்கும் கிடையாது, பந்தலும் கிடையாது. ஊருக்கு நீங்களே பதில் சொல்லிக்கோங்க."

"நான் ஏன்மா தொடப்போறேன்? நான் என்ன பைத்தியமா?" என்றார் சரின். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கல்யாணக் காலை. தெருவை அடைத்துப் பந்தல். பழத்தட்டுகள் ஊர்வலமாக வந்து இறங்கின. தாவி என்ற பெயருடைய மாப்பிள்ளையின் தாய், சந்தையில் மீன் விற்று மகனை ஆளாக்கியவள், சிவப்புத் துணி மூட்டையைச் சபை நடுவே வைத்து அவிழ்த்தாள். நூறு டாலர் நோட்டுகள் அடுக்காகச் சிரித்தன. சடங்கு நடத்தும் ஆச்சார் வாழ்த்துப் பாடத் தொடங்கினார்.

சரின் தன் இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார். கண்ணை எதன் மேல் உட்காரவைப்பது? மேலிருந்து மூன்றாவது நோட்டின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. மடிப்பா? வாயா? ஆச்சார் நூறாண்டு வாழ்க என்று பாடியது அவர் காதில் நூறு நூறு என்று மட்டும் விழுந்தது. நாரியின் முழங்கை அவர் விலாவில் தயாராக இருந்தது.

அடுத்து நடந்ததற்கு இரு வீட்டாரிடமும் இரு வேறு பாடங்கள் வழங்குகின்றன. பெண் வீட்டார் சொல்வது: சபைக்காக வைத்திருந்த விசிறி, சரின் கடையில் வாங்கிய விசிறிகளுக்கே உரிய குணப்படி, தானாகத் தலையைத் திருப்பிற்று. மாப்பிள்ளை வீட்டார் சொல்வது: ஒரு கால் கட்டைவிரல் அதைத் திருப்பிற்று. எதுவாயினும் காற்று அடித்தது. மேல் நோட்டுகள் பறந்தன. அந்த மூன்றாவது நோட்டு நேராக வந்து சரினின் மூக்கில் ஒட்டிக்கொண்டது.

அவர் தொடவில்லை. அது வந்து தொட்டது. ஆனால் கைகள் அந்த நுட்பமெல்லாம் அறியுமா? தொடைக்கடியிலிருந்து விடுபட்டன, நோட்டு வெளிச்சத்துக்குப் போயிற்று, காதுக்குப் போயிற்று, சுண்டப்பட்டது. ஆச்சார் பாட்டை நிறுத்தினார். சபை மூச்சை நிறுத்தியது. அந்த அமைதியில் சரினின் வாய் அவரைக் கேளாமலே சொல்லிவிட்டது:

"வாய் திறந்திருக்கு. மாத்திக் குடுங்க."

மாலிஸ் எழுந்தாள். வன்தாவின் கையைப் பிடித்தாள். வாசலில் பைக் உறுமிற்று.

இதை யாராவது கவனித்தார்களா? எங்கே! தாவி தன் இடுப்புப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க சம்பந்தி? காட்டுங்க." வாங்கி, தூக்கி, சுண்டினாள். "இது வாய் இல்ல. மடிப்பு."

"மடிப்புன்னா நகம் ஏறாது. பாருங்க, ஏறுதா இல்லையா?"

"உங்க நகம் பெருசு. முப்பது வருசமா மீன் விக்கிறேன், கிழிசல் எது மடிப்பு எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அந்த மீன் வாடையே இன்னும் இதுல இருக்கே!"

"வாடைக்கு எந்த ஊர்ல தள்ளுபடி?"

அதற்குள் நோட்டு கைமாறிக் கைமாறிப் பந்தலின் கடைசி வரிசை வரை போய்விட்டது. ஒவ்வொருவரும் சூரியனுக்குத் தூக்கிப் பார்த்தனர். மடிப்பென்று ஒரு கட்சி, வாயென்று ஒரு கட்சி. ஆச்சாரும் தம் கருத்தைச் சொன்னார். அது பாலி மொழியில் இருந்ததால் இரு கட்சியும் தமக்குச் சாதகமென்று கொண்டன. எல்லாரும் வைத்தியர்கள்.

"ஐயோ, பொண்ணு எங்க?" என்று நாரி அலறியபோதுதான் சபைக்குக் கழுத்து திரும்பிற்று.

சரின் அந்த நோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். பட்டு வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல், தெருநாய்கள் துணைவர ஓடினார். அவர் மனத்தில் அப்போது டாலர் இல்லை என்பதை நேர்மையோடு பதிவு செய்ய வேண்டும். மகள் மட்டுமே இருந்தாள்.

தெருமுனையில் பைக் நின்றிருந்தது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது. பாட்டில்களில் பெட்ரோல் விற்கும் பெண் ஒரு பாட்டிலை பைக் டாங்கியில் கவிழ்த்துவிட்டு, பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, காசுக்குக் காத்திருந்தாள். மாப்பிள்ளையின் சரிகை உடையில் பை ஏது?

"வந்துட்டீங்களா?" என்றாள் மாலிஸ். கண் மை கரைந்திருந்தது. "கையிலதான் இருக்கே, குடுத்து அனுப்புங்க."

சரின் மூச்சிரைக்க மகளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். தம் வாழ்நாளில் முதன்முறையாக, சில்லறை கேட்காமல், ஒரு நூறு டாலரை நீட்டினார். "நீ போகணும்னா போ, கண்ணு. அப்பா தப்புப் பண்ணிட்டேன்."

பெட்ரோல்காரி வாங்கினாள். வெளிச்சத்துக்குத் தூக்கினாள். காதருகே சுண்டினாள். நகத்தை ஓட்டினாள்.

"மாமா, வாய் திறந்திருக்கு. மாத்திக் குடுங்க."

சரினின் முகம் விடிந்தது. "பாத்தியா! நான் அப்பவே சொன்னேன்! வாய்தான்!" என்று கூவி, நடுத்தெருவில் ஒரு குதி குதித்தார். வேட்டி கையிலிருந்து நழுவிற்று.

மாலிஸ் அழ நினைத்தாள், சிரிப்பு முந்திக்கொண்டது. வன்தா திரும்பி நின்று தோள் குலுங்கினான். சிரித்தபின் ஓடிப்போவது எப்படி? அதற்குக் கோபம் வேண்டும்.

பின்னாலேயே வந்து சேர்ந்த தாவி, இடுப்புப் பையிலிருந்து ஈரமும் செதிளுமாக ஒரு கொத்து ரியலை எடுத்துக் கொடுத்தாள். பெட்ரோல்காரி பார்க்காமலே டப்பாவில் போட்டுக்கொண்டு சாவியைத் தந்தாள். பைக் பந்தலுக்குத் திரும்பிற்று. ஆச்சார் விட்ட இடத்திலிருந்து பாடினார்.

சம்பந்திகள் மட்டும் மெல்ல நடந்து வந்தனர்.

"அடுத்த மாசம் அரிசி மில்காரர் வீட்டுக் கல்யாணம் வருது, சம்பந்தி."

"ரெண்டு வீட்டுக்கும் சேத்து ஒரே கவரா வெச்சிடலாம்."

"வாய் உள்பக்கமா மடிச்சு..."

"அதை எனக்குச் சொல்லணுமா?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் பணப்பையின் பின்னறையில், நடுவே ஒட்டுத்தாள் போட்ட ஒரு பத்து ரூபாய் நோட்டு நெடுநாளாகத் தனியே படுத்திருக்கிறதே, அது யாருக்கு? நடத்துநர் இரண்டு முறை திருப்பிக் கொடுத்துவிட்டார். பூக்காரியும் கண்டுபிடித்துவிட்டாள். சரி, உண்டியலில் போட்டுவிடலாம், சாமி வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கமாட்டார் என்றுதானே எண்ணுகிறீர்கள்? சாமி பார்க்கமாட்டார். உண்டியல் எண்ண உட்காருகிறவர் மூக்குக்கண்ணாடி போட்டிருப்பார்.