லண்டனிலிருந்து டப்ளினுக்கு ஒரு மணி நேரம்

“நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு அடக்கம்” என்றாள் ஓர்லா, டப்ளினிலிருந்து போனில்.

“அதுக்குள்ளயாக்கா? இங்க லண்டன்ல எல்லாம் மூணு வாரம் ஆகுமே!”

“இங்க செத்தவங்க யாருக்காகவும் காத்துக்கிட்டிருக்க மாட்டாங்கடா. நீ பொறந்த ஊரு வழக்கமே உனக்கு மறந்துபோச்சா?”

மறந்துதான் போயிருந்தது. அம்மா போன செய்தி நேற்றே வந்தது. ஃபின்டன் நன்றாக அழுதான். அழுது முடித்து, அடுத்த மாதத்துக்கு மலிவாக ஒரு டிக்கெட்டும் போட்டுவிட்டான்.

“இன்னிக்கு ராத்திரியே வந்துடு. பெட்டிக்குத் தோள் கொடுக்க நீ ஒருத்தன்தான் புள்ள.”

“ஆபீஸ்ல மீட்டிங்க்கா. காலைல முதல் ஃபிளைட்ல வந்துடறேன். ஒரு மணி நேரம்தானே?”

இந்த ‘ஒரு மணி நேரம்தானே’யை அவன் ஒன்பது வருடமாகச் சொல்லிவருகிறான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொன்னான். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கும் சொன்னான். பக்கத்து ஊருக்கு யார்தான் அவசரப்பட்டுக் கிளம்புவார்கள்?

காலையில் விமான நிலையத்துப் பெண் தடுத்தாள். “பை பெரிசா இருக்கே சார். தனியாப் பணம் கட்டணும்.”

பணம் கட்ட மனம் வரவில்லை. பையிலிருந்த துணியையெல்லாம் எடுத்து உடம்பிலேயே மாட்டிக்கொண்டான். இரண்டு சட்டை, ஒரு ஸ்வெட்டர், மேலே கறுப்புக் கோட்டு. கடைசிப் பொத்தானைப் போட்டு நிமிர்ந்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஊரின் மறுகோடியிலுள்ள விமான நிலையத்தில் அடுத்த விமானம். டாக்சி பிடித்தான். பைக்குக் கேட்டதைப்போல நாலு மடங்கு டாக்சிக்குப் போயிற்று.

டப்ளினுக்கு மேலே வந்தும் விமானம் இறங்கவில்லை. சுற்றியது, மறுபடி சுற்றியது.

“அதோ, எங்க தெரு!” என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டினான்.

“நல்லாப் பாத்துக்குங்க. காத்து பலமா இருக்காம், ஷானனுக்குக் கொண்டுபோறாங்களாம்” என்றார் அவர்.

ஷானன் நாட்டின் மேற்குக் கோடி. இறங்கியதும் போன் அடித்தது.

“பெட்டியைத் தூக்கப் போறாங்கடா. ஒரு தோள் குறையுது.”

“பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிட்டுக்கோயேன்க்கா...”

“கூப்பிட்டாச்சு” என்று வைத்துவிட்டாள்.

நாட்டைக் குறுக்கே கடக்கும் பஸ்ஸில், மழையில், அவன் தேம்பித் தேம்பி அழுதான். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்தார்.

வீடு போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. உள்ளே நிறையக் கூட்டம். டீயும் ஹாம் சாண்ட்விச்சும் கை மாறிக்கொண்டிருந்தன. முகம் தெரிந்தவர் யாருமில்லை. எல்லாரும் அவன் போன பிறகு குடிவந்தவர்கள். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக, வாசலிலேயே திருடனைப்போல நின்றான்.

யாரும் திட்டவில்லை. ஆண்கள் எழுந்து கை கொடுத்தார்கள், ஒருவர் நாற்காலியை விட்டுக்கொடுத்தார். ஓர்லா மட்டும் பாத்திரம் கழுவுமிடத்திலிருந்து திரும்பவே இல்லை.

பக்கத்து வீட்டு டியர்னி அம்மா டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

“மன்னிச்சுக்குங்க, ஃபிளைட்டு...” என்று ஆரம்பித்தான்.

“ஐயோ, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் தம்பி! பாவம், ஆஸ்திரேலியாவுல இருக்கற புள்ள, ஒரு நாள் முழுக்கப் பறக்கணும், நெனச்சப்ப எப்படி வருவான்னு உங்கம்மா எங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருப்பாங்க.”