துப்பு கேட்டவர்

இலங்கையில் ஹட்டனைச் சுற்றியுள்ள அத்தனை தேயிலைத் தோட்டங்களிலும், மனிதர்களை முகத்தால் அல்லாமல் சளியால் ஞாபகம் வைத்திருந்த ஒரே ஆள் எங்கள் துப்பண்ணன்தான்.

ஐம்பதுகளில் நான் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலக்குபவன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எனக்கு 'டாக்டரய்யா' என்று பெயர். துப்பண்ணன் போத்தல் கழுவுபவர். வாசலில் யார் இருமினாலும் மூடி போட்ட சிகரெட் டின்னை நீட்டி, "துப்பு" என்பார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அவரே ஒரு காலத்தில் சயரோகம் கண்டு, நெஞ்சு ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் கிடந்து மீண்டவர். அங்கே படித்ததுதான் அவர் படிப்பு.

வந்த முதல் வாரமே, குளிருக்காக நான் ஆணியடித்து மூடிய ஜன்னலைப் பெயர்த்துத் திறந்தார். இருமுகிறவர்களின் பெஞ்சைத் தூக்கி வெளியே போட்டார்.

"குளிருதுண்ணே!" என்றான் பெஞ்சில் இருந்த ஒருவன்.

"கம்பளியப் போத்திக்க. நோவுப் பூச்சி காத்துல போகட்டும்."

நானும் உள்ளே நடுங்கிக்கொண்டே மருந்து கலக்கினேன். எனக்கு அவர்மேல் கடுங்கோபம். எந்த இருமல் வந்தாலும் ரெஜிஸ்டரில் 'தடிமன்', அதாவது வெறும் சளிப்பிடிப்பு, என்று எழுதி, இனிப்பு மருந்து ஊற்றிக்கொடுத்து நிம்மதியாக இருந்தவன் நான். சயரோகம் என்று எழுதினால் தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர் செக்ரோல் என்ற ஆள் பதிவில் பேரை வெட்டிவிடுவார். வேலையோடு குடியிருக்கும் லயக் காம்பராவும் போய்விடும்.

அதனால் ஜனங்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். இருமலில் ரத்தம் வந்தால் வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொண்டார்கள். சிவப்போடு சிவப்பு, கங்காணிக்கு என்ன தெரியும்? எனக்கே தெரியவில்லை.

கொழுந்து பறிக்கும் ராமாயி ஒருநாள் இருமிக்கொண்டு வந்தாள். இடுப்பில் குழந்தை, கன்னத்தில் வெற்றிலை.

"மொதல்ல வாயக் கொப்பளி," என்றார் துப்பண்ணன்.

மூன்று செம்புத் தண்ணீர் தீர்ந்தது. பிறகு இருமித் துப்பினாள். அப்போதும் சிவப்பு.

"சொல்லிராதீங்கண்ணே. பேர வெட்டிட்டா புள்ளைய வச்சுக்கிட்டு எங்க போவேன்?"

"எவன் வெட்டுறான்னு பாக்குறேன்."

டின்னைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு சளியைச் சோதிக்க ஹட்டன் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார். கண்டக்டர் டின்னைக் காட்டி "மொனவத?", என்ன அது, என்று கேட்க, இவர் "கெஸ்ஸ" என்று இருமலைச் சிங்களத்தில் சொல்ல, பக்கத்து ஸீட்டுகள் காலியாகிவிட்டனவாம். கால் நீட்டிக்கொண்டு போனேன் என்று பெருமையடித்தார்.

மறுநாளே பெரிய கிளாக்கர் டிஸ்பென்சரிக்குள் பாய்ந்தார்.

"யாரக் கேட்டு டவுனுக்குக் கொண்டு போன? துப்பு கெட்ட பயலே!" கத்திய வேகத்தில் இருமல் வந்துவிட்டது. மாசக்கணக்காக நான் 'தடிமன்' என்று எழுதிவந்த இருமல்.

துப்பண்ணன் டின்னை நீட்டினார். "எங்கிட்ட துப்பு இல்லாமத்தாங்க ஒங்ககிட்ட கேக்குறேன். துப்புங்க."

நான் மேசைக்கடியில் பேனாவைத் தேடினேன், சிரிப்பை மறைக்க. கிளாக்கர் இருமலை அடக்கப் பார்த்தார், முடியவில்லை, துப்பினார்.

இரண்டு டின்னுக்கும் ஹட்டனிலிருந்து பதில் வந்தது. ராமாயிக்கும் சயரோகம், கிளாக்கருக்கும் சயரோகம். கிளாக்கருக்கு லீவு, ராமாயிக்குப் பேர்வெட்டு.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், தோட்டத்துத் துரைக்கு எதிரே இரண்டு டின்களோடு துப்பண்ணன் நின்றார். "ரெண்டுலயும் ஒரே பூச்சிங்க, தொரெ. கிளாக்கரய்யா நாக்காலி காத்திருக்கும்னா ராமாயி கூடையும் காத்திருக்கணும்."

கொழுந்து பறிக்க ஒருவரும் மலைக்கு ஏறவில்லை. துரை என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த ரெஜிஸ்டரைத் திறந்து, ராமாயி பேருக்கு எதிரே இருந்த 'தடிமனை' அடித்து, 'சயரோகம், சிகிச்சைக்குப் பின் வேலைக்குத் திரும்பலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். கூட்டம் அசையாமல் நின்றது. பத்து மணிக்கு, பேர் வெட்டுவதில்லை என்று துரை இறங்கி வந்தார்.

ஒன்றரை வருஷம் கழித்து ராமாயி கன்னம் பூசினாற்போல ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினாள். டிஸ்பென்சரி வாசலில் நின்று சிவப்பாகத் துப்பினாள். துப்பண்ணன் கையிலிருந்த போத்தல் விழுந்து உடைந்தது, டின்னோடு ஓடினார்.

"வெத்தலண்ணே! வெறும் வெத்தலதான்!"

"வாசலக் கழுவு, கழுத!" என்று கத்திவிட்டு உள்ளே வந்து, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. உடைந்த போத்தலை நானே கூட்டி அள்ளினேன். அந்த மனிதர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் போன பிறகும் அந்த ஜன்னலை நான் மூடவில்லை. குளிரும். குளிரட்டும்.