அளந்தே தீர்ந்த டொலுயீன்

'எதற்கும் இன்னொருதரம் பார்த்துவிடுவோமே' என்று ஓர் இனம் உண்டு. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்க்கும். தெருமுனைவரை போய், திரும்பி வந்து மறுபடி இழுக்கும். கடவுளே நேரில் வந்தாலும், "நாளைக்கும் ஒருதரம் வாங்க சாமி, ஒத்துப் பார்க்கணும்" என்று அனுப்பிவைக்கும். நல்ல மாதிரி ஒன்று வேண்டுமா? ஃபிஜித் தீவுக்கு, லாமிக்கு வாருங்கள். அங்கே பெயிண்ட் கம்பெனி ஆய்வறையில் யோகேந்திரா இருக்கிறார்.

பென்சீன், டொலுயீன் போன்ற நெடியடிக்கும் திரவங்களின் ஆவியழுத்தத்தை அளப்பது அவர் வேலை. குடுவையில் ஊற்றி, காற்றை உறிஞ்சியெடுத்து, தண்ணீர்த் தொட்டியில் சூடு நிலைக்கும்வரை காத்திருந்து, பாதரசம் எவ்வளவு ஏறியது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். மற்றவர்களுக்கு!

மகள் சுஷீலாவுக்கு ஞாயிறன்று சங்க மண்டபத்தில் நிச்சயதார்த்தம். உப்புக்காற்றில் உரிந்துபோன மண்டபக் கதவுகளுக்குப் பெயிண்ட் அடிக்க மச்சினன் பிஜேந்திரா ஒப்புக்கொண்டான்; பெயிண்டைக் கரைக்க ஒரு டின் டொலுயீனுக்கு இவர் பொறுப்பு. முதலாளியிடம் கேட்டு வாங்கியும் விட்டார். உடனே கொடுத்திருக்கலாம்.

"எதுக்கும் ஒருதரம் அளந்துடுறேன். கலப்படமா இருந்தா நம்ம மானமில்லே போவும்?"

வெள்ளி காலை, முப்பத்துமூன்று மில்லிமீட்டர். சுத்தமான சரக்கு. மனிதர் எழுந்திருக்க வேண்டாமா? ஜன்னல் வழியே வெயில் வந்தது, தொட்டி சூடேறியது, பாதரசம் முப்பத்தைந்துக்குப் போனது. வந்தது வினை! குடுவையில் இருந்ததைக் கொட்டினார், டின்னிலிருந்து புதிதாக ஊற்றினார், காற்றை உறிஞ்சும்போது கூடவே கொஞ்சம் டொலுயீனையும் உறிஞ்சினார், அளந்தார், சந்தேகப்பட்டார், மறுபடி கொட்டினார். மூடப்படாத டின்னும் தன் பங்குக்கு லாமிக் காற்றில் கலந்துகொண்டிருந்தது.

சனி மாலை பிஜேந்திரா பிரஷ்ஷோடு வந்து டின்னைத் தூக்கினான். கம்பெனிக் கிடங்கு திங்கள்வரை பூட்டு.

"அரே மச்சான், காலி டின்னா?"

"காலியா? இரு, எடை போட்டுப் பாத்துடலாம்."

"விநாகா மச்சான், ரொம்ப விநாகா!" என்றான். விநாகா என்றால் அவ்வூரில் நன்றி. அவன் சொன்னது வசவு.

ஞாயிறன்று வுனிமோனோவிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அப்பா, உரிந்த கதவைத் தடவினார். விரலில் ஒட்டிய செதிலைப் பார்த்தார்.

"நல்ல இடம்னுதான் விசாரிச்சோம். எதுக்கும் இன்னொருதரம் விசாரிச்சுட்டு வர்றோம்."

அவர்கள் போனதும் யோகேந்திரா பொங்கினார்: "இவங்களுக்கு எத்தனை தரம்தான் பாக்கணும்!" சுஷீலா அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அழுத்தம் அளக்க இன்னும் கருவி வரவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. வெள்ளி காலை பாதரசம் முதலில் காட்டியது முப்பத்துநான்குதானே?

அடடா, அதற்குள் மேலே போய்ப் பார்க்கிறீர்களே!