குமரேசனுக்குள் புகுந்த மாமியார்

லண்டன் மாநகரில் பேய்களுக்கும் வீட்டுத் தட்டுப்பாடு வந்துவிட்டது. இல்லாவிட்டால் அவை ஏன் கிளிக்குள் போய்க் குடியிருக்கின்றன? இந்த உண்மையை உலகுக்கு அறிவித்தவர் ஶ்ரீமத் பட்சிநாத அடிகள். போன வருடம்வரை குரோய்டனில் போனுக்கு உறை விற்றவர். பிறகு திடீரென்று ஞானம் பிறந்தது. ஞானம் பிறந்தால் வாடகைக் கவலை இல்லை, பக்தர்கள் கட்டுவார்கள்.

டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில், ஞாயிறு தோறும் அடிகளின் 'பட்சி தரிசனம்'. வரிசை படியிறங்கி பஸ் தரிப்பிடம்வரை நீளும். விசா வராதவர்கள், கலியாணம் பொருந்தாதவர்கள் எல்லாரும் கிளி இல்லாவிட்டால் ஒன்றை வாங்கிக்கொண்டாவது வந்தார்கள். செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, டொலறஸ் தன் காதல் பறவைச் சோடியோடு நின்றாள். சைவக்காரரும் வேதக்காரரும் இவ்வளவு ஒற்றுமையாக வேறெங்கும் நின்றதில்லை. ஏமாறுவதில் என்ன சமய பேதம்!

அந்த வரிசையில் ஜெகதீஸ்வரிக்கு இது நாலாவது ஞாயிறு. அவளுடைய கிளிக்குக் குமரேசன் என்று பெயர். பிள்ளைகள் தனி வீடு போனபின், "அம்மா சாப்பிட்டீங்களோ?" என்று அவளைக் கேட்கும் சீவன் அது ஒன்றுதான். கணவர் யோகலிங்கம் சாப்பாடு எங்கே என்றுதான் கேட்பார்.

அந்தக் குமரேசன் ஒரு மாதமாக நடுங்கியது. நித்திரை கொள்ளவில்லை. நெஞ்சு இறகைத் தானே பிடுங்கியது. பேச்சை விட்டுவிட்டு, "கீக்" என்று ஒரு சத்தம் போடப் பழகியது. யாரோ கண்வைத்த நாவூறுதான் என்று ஜெகதீஸ்வரி தீர்மானித்தாள். செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். புகை எழும்ப, வீட்டு முகட்டில் பூட்டியிருந்த ஸ்மோக் அலாம் வீரிட்டது. அலாம் வீரிடக் கிளி வீரிட்டது. துவாயை விசிறிப் புகை கலைத்தபடி அவளும் வீரிட்டாள். மறுநாள் இன்னும் கொஞ்ச இறகு போயிருந்தது. ஆகவே, இன்னும் கொஞ்சம் மிளகாய் போட்டாள்.

அடிகளிடம் கொண்டுபோனபோது, அவர் கூட்டைக் காவித் துணியால் மூடினார். துணியை விலக்கினால் ஆவி பார்ப்பவர்மேல் பாயுமாம். உள்ளே "கீக்" என்றது. "உன் காலஞ்சென்ற மாமியார்" என்றார் அடிகள். இரண்டு வேளையும் சாம்பிராணி போடச் சொன்னார். அலாம் இரண்டு வேளையும் அலறியது. போன ஞாயிறு கடைசி எச்சரிக்கை வந்தது. அடுத்த கிழமையும் ஆவி இறங்காவிட்டால் கிளியை ஆச்சிரமத்தில் விட்டுவிட வேண்டும். இல்லையேல் வீட்டில் ஓர் உயிர் போகும். முன்பு அப்படி விடப்பட்ட கிளிகள் எந்த விலைக்கு எங்கே பறந்தன என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஜெகதீஸ்வரி கிழமை முழுக்க அழுதாள். ஞாயிறு காலையிலும் அழுதாள்.

"இஞ்சாருங்கோ, சாமி குமரேசனைக் கேட்டா என்ன செய்யிறது?"

"அழாதையும். கூட்டை நான் மூடிக் கொண்டு வாறன். நீர் முன்னுக்குப் போய் லைனில நில்லும்" என்றார் யோகலிங்கம்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து ஒரு மரக்கறிப் பையைக்கூடத் தானாகத் தூக்காத மனுசன். அப்போதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பக்தி கண்ணை மறைத்தது.

மூடிய கூடு அடிகளின் முன்னே வைக்கப்பட்டது. "கீக்" என்றது உள்ளே. "அரோகரா!" என்றது கூட்டம். டொலறஸ் சிலுவை போட்டாள். அடிகளின் கண்கள் மேலே செருகின.

"மருமகளே, நீ வைத்த சொதியில் உப்பில்லை என்கிறாள்!"

ஜெகதீஸ்வரிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "ஐயோ, மாமியேதான்!"

"கீக்."

"என் மகனை எலும்பும் தோலுமாக்கிவிட்டாய் என்கிறாள்!"

எல்லாரும் யோகலிங்கத்தின் வண்டி வயிற்றைப் பார்த்தார்கள். பேய்க்குக் கண் பார்வை மட்டுதான் போலும்.

"கீக்."

"பட்சியை அடிகளிடமே ஒப்படை என்கிறாள்!"

யோகலிங்கம் எழுந்தார். "சாமி, உள்ளுக்கை இருக்கிறது அம்மா எண்டது நிச்சயமோ?"

"என் தவத்தின்மேல் ஆணை!"

"பிழை வர ஏலாதோ?"

"ஏலாது!"

யோகலிங்கம் துணியை இழுத்தார். ஆவி பாயும் என்று முன்வரிசை முழுவதும் பின்வரிசையின் மடியில் விழுந்தது. கூட்டுக்குள் கிளி இல்லை. கிளி இருக்கும் தடியில், சணல் கயிற்றால் கட்டப்பட்டு, வெள்ளையாய் வட்டமாய் ஒரு ஸ்மோக் அலாம் இருந்தது. "கீக்" என்றது.

"எங்கட வீட்டு அலாம். பற்றறி முடியப்போனா இப்பிடித்தான் கத்தும். குமரேசன் இதைக் கேட்டுத்தான் பழகினது, எது அலாம் எது கிளி எண்டு வீட்டிலயே தெரியேல்லை. இப்ப வீட்டில பேசாமல் இருக்கு. சாமி இவ்வளவு நேரமும் பற்றறியோடதான் கதைச்சவர்!"

அடிகள் தடுமாறினார். "ஆவி... ஆவி கிளியிலிருந்து இதற்குள் பாய்ந்துவிட்டது!"

"அப்ப புதுப் பற்றறி போட்டா அம்மா மோட்சம் போயிடுவாவோ?" யோகலிங்கம் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார். எல்லாரும் காத்திருந்தார்கள். கீக் இல்லை. முதலில் டொலறஸ் சிரித்தாள். பிறகு மண்டபமே சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது அடிகளைக் காணவில்லை.

ஜெகதீஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப நான் மிளகாய் சுட்டது?"

"அந்தப் புகைக்குத்தான் அலாம் அலறினது. முதல்ல கீக்குக்குப் பயந்து இறகைப் பிடுங்கினது, பிறகு அந்த அலறலிலதான் இன்னும் பிடுங்கினது. பறவை டொக்டரிட்டைக் கேட்டனான்."

"வீட்டிலயே சொல்லியிருக்கலாமே!"

"நான் சொல்லி எப்ப கேட்டனீர்? சாமியின்ர வாயாலதான் கேட்பீர்."

வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. தன் செல்லத்தைத் தானே புகைபோட்டு வதைத்திருக்கிறாள்!

அன்றோடு புகை நின்றது. சமையல் புகை அடிக்கும் குசினி வாசலில் இருந்த கூடு, சுவரை ஒட்டிய அமைதியான மூலைக்குப் போனது. பொழுதுபட்டதும் தினமும் ஒரே நேரத்தில் அதே காவித் துணியால் மூடினாள். அடிகள் தந்ததில் உருப்படியான சாமான் அது ஒன்றுதான். குமரேசன் நித்திரை கொண்டது. நெஞ்சில் மெல்லிய தூவி முளைத்தது. ஒருநாள் காலை, "அம்மா சாப்பிட்டீங்களோ?" என்றது. ஜெகதீஸ்வரி தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று அழுதாள்.

அடிகள் இப்போது அப்டன் பார்க்கில் தங்கமீனுக்குப் பேய் ஓட்டுகிறாராம். வரிசை பஸ் தரிப்பிடம்வரை நிற்கிறதாம். முகட்டில் இருக்கும் பெட்டி கீக் என்றால் பற்றறி மாற்றத் தெரிந்த சனங்களே, கழுத்துக்கு மேலே இருக்கும் பெட்டி எத்தனை வருடமாகக் கத்துகிறது, கேட்கவில்லையா?